மீன் தொட்டி ஃபில்டர்: எதைக் கழுவலாம், எதை மாற்றலாம்? அனுபவப் பகிர்வு

ஃபில்டரைக் கழுவிய மறுநாளோ மூன்றாம் நாளோ மீன்கள் மேலே வந்து வாய் திறந்து மூச்சு வாங்கினால், முதலில் கேட்க வேண்டியது: எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள்? மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெரும்பாலும் ஸ்பாஞ்சிலும் செராமிக் ரிங்கிலும்தான் (நுண்துளைகள் உள்ள பீங்கான் வளையம்) ஒட்டி வாழ்கிறது. குடிநீர்க் குழாயில் கிருமியைக் கொல்லப் போடும் குளோரின் இதையும் விடாது.

ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு நான் சொல்லும் முறை: ஏர் பம்பை நிறுத்துங்கள். தொட்டிக்குள்ளேயே ஸ்பாஞ்சின் மேல் பிளாஸ்டிக் கவரை மாட்டி, அதோடு சேர்த்துத் தூக்குங்கள். சும்மா தூக்கினால் அழுக்கு முழுக்கத் தொட்டியில் கொட்டும். தண்ணீர் மாற்றும்போது எடுத்த தொட்டித் தண்ணீர் ஒரு வாளி போதும். அதில் ஐந்தாறு முறை அமுக்கிப் பிழியுங்கள். பிழியும் தண்ணீர் வெளிர் பழுப்பாக இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். புதிது போல் பளிச்சென்று ஆக்கத் தேவையில்லை. சோப்பு அறவே கூடாது.

⸻

தேதி பார்த்துக் கழுவாதீர்கள், ஓட்டத்தைப் பாருங்கள். குமிழி குறைந்தாலோ, தொட்டி விளிம்பில் தொங்கும் ஹேங் ஆன் ஃபில்டரில் தண்ணீர் ஸ்பாஞ்சைத் தாண்டி வழிந்தாலோ நேரம் வந்துவிட்டது. கோல்ட் ஃபிஷ் தொட்டியில் அது சீக்கிரம் வரும், ஒரு ஜோடி கப்பி உள்ள தொட்டியில் மெதுவாக வரும்.

மோட்டார் உள்ள ஃபில்டரில் ஸ்பாஞ்ச் சுத்தமாக இருந்தும் ஓட்டம் குறைவாக இருந்தால் கோளாறு மோட்டாரில். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு இம்பெல்லரை (தண்ணீரைத் தள்ளும் சிறு விசிறி) இழுத்து எடுங்கள். காந்தத்தைச் சுற்றி வழவழப்பாகப் படிந்திருப்பதையும், அது உட்காரும் குழியையும் பழைய டூத் பிரஷால் தேய்த்தால் போதும். போர் தண்ணீர் ஊர்களில் வெள்ளையாக உப்புப் படியும். வினிகரில் அரை மணி ஊறவைத்து நன்றாக அலசுங்கள். செராமிக் ஷாஃப்டை வளைக்காதீர்கள், டப்பென்று ஒடிந்துவிடும்.

⸻

மாற்றுவதைப் பற்றி. வெள்ளைப் பஞ்சு அழுக்குப் பிடிக்க மட்டும்தான். அடைத்ததும் தூக்கிப் போடலாம். ஆக்டிவேட்டட் கார்பன் (நிறத்தையும் வாடையையும் இழுக்கும் கரி) சுமார் ஒரு மாதத்தில் வேலை செய்வதை நிறுத்திவிடும், கழுவினால் மீளாது. மருந்து போடும்போது கார்பனை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மருந்தை அதுவே இழுத்துக்கொள்ளும். ஸ்பாஞ்ச் பிய்ந்து உதிரும் வரை ஓடும். செராமிக் ரிங்கை மாதாமாதம் மாற்றச் சொல்லும் கடைப் பேச்சைக் கேட்காதீர்கள். தொட்டித் தண்ணீரில் லேசாக அலசினால் ஆண்டுக்கணக்கில் வரும்.

ஸ்பாஞ்சை மாற்றியே ஆக வேண்டுமென்றால், புதியதைப் பழையதோடு சேர்த்து நான்கு முதல் ஆறு வாரம் ஓட்டிவிட்டுப் பழையதை எடுங்கள். இடமில்லையா? பழையதில் பாதியை வெட்டிப் புதியதன் பக்கத்தில் செருகுங்கள். ஸ்பாஞ்சையும் ரிங்கையும் ஒரே நாளில் தொடவே கூடாது. எடுத்த பிறகு ஒரு வாரம் தீனியைப் பாதியாக்கி, இரண்டு நாளுக்கு ஒரு முறை டெஸ்ட் கிட்டில் அமோனியா பாருங்கள். 0.25 பிபிஎம் காட்டினாலே 30 சதவீதம் தண்ணீர் மாற்றம், புதுத் தண்ணீருக்குக் குளோரினை நீக்கும் ஆன்டி குளோரின். பி.எச். 8-ஐத் தாண்டும் தண்ணீரில் அதே அளவு அமோனியா இன்னும் கடுமையாகத் தாக்கும்.

⸻

கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா ஃபில்டர்) வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சேர்க்கிறேன். கரண்ட் சில மணி நேரம் போனால் மூடிய டப்பாவுக்குள் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் தானாக ஓடினால், உள்ளே தேங்கிய கெட்ட தண்ணீர் நேராகத் தொட்டிக்குத்தான் போகும். ஆகவே நீண்ட பவர் கட் என்றால் ப்ளக்கை எடுத்துவிடுங்கள். திறந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, ரிங்குகளைத் தொட்டித் தண்ணீரில் அலசி மாட்டுங்கள். அழுகிய முட்டை வாடை அடித்தால் பாக்டீரியா பெரும்பகுதி போய்விட்டது என்று வைத்துக்கொண்டு, புதுத் தொட்டி போலவே தினமும் அமோனியா பாருங்கள். மூடும்போது மூடியின் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் மணலோ முடியோ இல்லையா என்று விரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்து, சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகப் பூசுங்கள். வாஸ்லின் வேண்டாம், சில வகை ரப்பர் அதில் உப்பிக் கசியத் தொடங்கும்.