அப்பாவுடன் கப்பல் பயணம்: யோசனை வேண்டும்

வணக்கம். நாங்கள் மலேசியாவின் சுங்கை சிப்புட்காரர்கள். டிசம்பரில் அப்பாவைச் சிங்கப்பூரிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் அழைத்துப் போகிறோம். 1950களில் நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் பினாங்கு வந்து இறங்கிய பிள்ளை அவர். அப்புறம் கித்தா (ரப்பர்) தோட்டமே கதி.

எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் முழுநாளும் கடலிலேயே போகும் நாட்களை நினைத்துத்தான் கவலை. பால் வெட்டிப் பழகிய உடம்பு, விடியற்காலை நாலரைக்கே எழுந்து கோப்பி தேடுவார். அறையில் தண்ணீர் சுடவைக்க நாமே ஜக் கொண்டுபோக விடமாட்டார்களாம். அந்த நேரத்தில் சுடுதண்ணீராவது கிடைக்குமா?

ஆட்டம் குறைவாக இருக்குமென்று கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவில் அறை எடுத்திருக்கிறோம். தலைசுற்றலுக்கு இஞ்சி போதுமா? கொழும்பு நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். வழியில் கடிகாரத்தை மாற்றும்போது பிரஷர் மாத்திரை நேரத்தை எப்படிச் சமாளித்தீர்கள்? பெரியவர்களோடு போய்வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.