புதுப்பிப்பு: எஃகு அச்சின் மேலேயே வெப்ப உணரி

பினாங்கு பாயான் லெப்பாஸில் பிளாஸ்டிக் வார்க்கும் எஃகு அச்சின் முகத்திலேயே பிளாட்டினப் படல உணரியைப் படியவைக்கிறோம், அது அச்சோடு மின்கசிவு கொள்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். கசிவு நின்றுவிட்டது. உணரிக்கு அடியில் மின்சாரத்தைத் தடுக்கும் அலுமினா (அலுமினிய ஆக்சைடு) காப்புப் படலத்தைப் பார்க்கச் சொன்ன அண்ணனுக்கு நன்றி. நுண்ணோக்கியில் பார்த்தால், சாணைக் கீறல்களின் ஓரமெல்லாம் ஊசித்துளைகள்! அச்சைக் கண்ணாடிபோல மெருகேற்றி, அலுமினாவை இரண்டு அடுக்காக, நடுவே ஒருமுறை கழுவிவிட்டுப் படியவைத்தோம். முதல் அடுக்கின் துளைக்கு நேர் மேலே இரண்டாவதிலும் துளை விழுவது அரிது.

இன்னொன்று: மின்தடை மாறுவதை வைத்துத்தான் உணரி வெப்பநிலையைச் சொல்கிறது. கட்டிப் பிளாட்டினத்தின் மின்தடை ஒரு பாகை செல்சியசுக்குச் சுமார் 0.39 விழுக்காடு கூடும். மெல்லிய படலத்தில் அதற்கும் குறைவு. சூளையில் பதப்படுத்தினால் சற்று நெருங்கும். ஆகவே கட்டிப் பிளாட்டினத்துக்கான அட்டவணையை நம்பாமல் ஒவ்வோர் உணரியையும் தனியாக அளவுதிருத்துகிறோம். கம்பி இணைப்புதான் இன்னும் தலைவலி. அச்சு திறந்து மூடும் அதிர்வில், கம்பியை ஒட்டும் வெள்ளிப் பசை உரிகிறது. மாற்று வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.