புதுப்பிப்பு: கோயில் திருவிழாவும் என் மகனும்

பேச்சு வராத என் ஆட்டிச மகன் உறுமி மேளம் கேட்டாலே தலையைச் சுவரில் மோதுகிறான், மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய அக்காமார், அண்ணன்மார் அனைவருக்கும் நன்றி.

காதுவலி, பல்வலி இருந்தாலும் பேசாத பிள்ளை இப்படித்தான் காட்டும் என்று ஒருவர் சொன்னதால் முதலில் கிளினிக் போனோம். வலி எதுவும் இல்லை, சத்தம்தான் காரணம். மனநல மருத்துவர்கள் நோயறியப் பயன்படுத்தும், 2013இல் வெளியான டிஎஸ்எம்-5 கையேடே புலன்களின் மிகையுணர்வை ஆட்டிசத்தின் அறிகுறிகளில் சேர்த்துவிட்டது. இன்னமும் "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்பவர்களைக் கண்டால் கோபம் பொங்குகிறது.

சத்தம் குறைக்கும் காதுறையை வீட்டிலேயே மாட்டிப் பழக்கினோம். மேளம் நெருங்கியதும் அவன் விரல்கள் சட்டைப் பொத்தானைத் திருகத் தொடங்கின. அதுதான் அவன் தரும் முன்னறிவிப்பு. உடனே செம்பனை மரங்களின் ஓரம் நிறுத்தியிருந்த காருக்கு அழைத்துப் போனேன். வாயே திறக்கவில்லை, அந்த நேரத்தில் ஆறுதல் வார்த்தையும் அவனுக்கு இரைச்சல்தான். என் கையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டான். அழுத்திப் பிடித்திருந்தேன். இம்முறை தலையை மோதவே இல்லை!

அடுத்த ஆண்டு மேளத்துக்கு முன்பே, காலையில் வந்து அர்ச்சனை செய்துகொள்ளும்படி பூசாரி ஐயா சொல்லியிருக்கிறார். வெயிலில் வியர்த்தால் காதுறையைப் பிடுங்கி எறிகிறான். அதற்கு வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.