பாண்ட் (ஜாமீன் தொகை) கட்டி 50 மணி நேரம், கவுண்ட்டி ஜெயில் இன்னும் விடவில்லை
இடம்: அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 287(ஜி) ஒப்பந்தம் (உள்ளூர் போலீஸ் குடியேற்றத் துறைக்கு உதவும் ஏற்பாடு) உள்ள ஒரு கவுண்ட்டி (மாவட்டம்). கூட வேலை செய்பவரை லைசென்ஸ் இல்லாமல் கார் ஓட்டியதற்காக வியாழன் இரவு பிடித்தார்கள். ஜெயிலில் எடுத்த கைரேகை குடியேற்றத் துறைக்கும் போனது. விசா காலாவதி. ஐ-247ஏ டிடெய்னர் (விடுவிக்க வேண்டிய நேரத்துக்குப் பிறகும் 48 மணி நேரம் வரை பிடித்து வைக்கச் சொல்லும் கோரிக்கை), ஐ-200 வாரண்ட் (குடியேற்றக் கைது ஆணை) இரண்டும் வந்தன. வாரண்ட்டில் கையெழுத்து போட்டவர் ஐஸ் (குடியேற்ற அமலாக்கத் துறை) அதிகாரி, நீதிபதி இல்லை.

வெள்ளி மாலை 4 மணிக்கு பாண்ட் கட்டியாயிற்று, ரசீது இருக்கிறது. இப்போது ஞாயிறு மாலை 6. ஐஸ் லொக்கேட்டரில் (ஐஸ் பிடியில் இருப்பவர்களைத் தேடும் இணையதளம்) பெயர், பிறந்த நாடு போட்டுத் தேடினால் வரவில்லை. இன்னும் கவுண்ட்டி பிடியில்தான் என்று தோன்றுகிறது. மூன்று முறை கேட்டும் "சனி, ஞாயிறு கணக்கில் வராது" என்கிறார்கள். 8 சிஎஃப்ஆர் 287.7(டி) என்ற ஃபெடரல் விதி அப்படித்தான் சொல்கிறது. ஆனால் ஐ-247ஏ படிவத்தில் இருப்பது வெறும் 48 மணி நேரம், விடுமுறை விலக்கே இல்லை. சிக்கலே இதில்தான்.

படிவத்தைக் காட்டி ஹேபியஸ் (ஆட்கொணர்வு) மனு போட கவுண்ட்டி சுப்பீரியர் கோர்ட்டா, ஃபெடரல் கோர்ட்டா, எது சீக்கிரம் எடுக்கும்?