தனுஷ்கோடி 1964: அஞ்சு கேரக்டர், அஞ்சும் தனித்தனியா ஓடுது

உப்புக்காத்து:
நாங்க அஞ்சு பேர் டிஸ்கார்டுல சேர்ந்து ஒரு ஆர்பி (ரோல்பிளே, ஆளுக்கு ஒரு கேரக்டரை எடுத்துக்கிட்டு மாத்தி மாத்தி எழுதுற கதை) எழுதுறோம். களம் தனுஷ்கோடி, 1964 டிசம்பர், புயலுக்கு முந்தின பத்து நாள். என் ஆள் சபாபதி, கஸ்டம்ஸ் ஆபீஸ் கிளார்க். மத்தவங்க: ஸ்டேஷன் போர்ட்டர், கருவாடு காயப்போடுற மரியம்மை, தலைமன்னார்ல கப்பல் ஏறி வர்ற யாழ்ப்பாணத்து வாத்தியார், ரயில்வே ஆஸ்பத்திரி நர்ஸ்.

அறுபது பதிவு ஆயிடுச்சு. அறுபதுலயும் ஒண்ணேதான்: ரெண்டு பேர் டீக்கடைல பாத்துக்குறாங்க, காத்து பலமா அடிக்குதுன்னு பேசிக்குறாங்க, எந்திரிச்சுப் போயிடறாங்க. இதுவரைக்கும் டீக்கடைக்காரருக்குத்தான் உருப்படியா ஒரு கதை அமைஞ்சிருக்கு. புயல் வந்தா எல்லாம் தானா சேந்துடும்ங்கிறாங்க குழுவுல. எனக்கு நம்பிக்கை இல்ல. ஒட்டாத ஆளுங்க ஒண்ணா செத்தா யாருக்கு அழுகை வரும்?

மணல்மேட்டு அக்கா:
தம்பி, பழக்கம் மட்டும் பத்தாது, கொடுக்கல் வாங்கல் வேணும். வாத்தியாரோட டிரங்குப் பெட்டியை உங்க சபாபதி பிடிச்சு வைக்கட்டும். உள்ள அக்கா மக கல்யாணத்துக்கு ஆறு சேலை. தீர்வை கட்டக் காசில்ல, வாத்தியார் ஊர்லயே தங்குறார். எங்க? மரியம்மை வீட்டுத் திண்ணைல. ராத்திரியோட ராத்திரியா எடுத்துத் தரேன்னு போர்ட்டர் அஞ்சு ரூபா வாங்கிக்கிறான். ஒரே பெட்டில நாலு பேர் மாட்டியாச்சு. நர்ஸுக்கு எனக்கு ஒண்ணும் தோணல, அவளை நீங்களே பாத்துக்குங்க.

யாருக்கு எது தெரியும்னு ஒரு தாள்ல எழுதி வைங்க. போர்ட்டர் காசு வாங்கினது உங்களுக்குத் தெரியும், சபாபதிக்குத் தெரியாது. எங்க பழைய குழு உடைஞ்சதே இதுலதான். நான் பொத்திப் பொத்தி வளர்த்த ரகசியத்தை அடுத்த பதிவுலயே ஒருத்தரோட கேரக்டர் ஊருக்கே சொல்லிடுச்சு.

அடுத்தவங்க ஆளை நீங்க ஆட்டி வைக்காதீங்க. சபாபதி பெட்டி மேல கையை வச்சான், அதோட நிறுத்துங்க. வாத்தியார் கெஞ்சுறாரா கத்துறாரான்னு அவரை எழுதுறவர் பாத்துக்குவார்.

தண்டவாளம்:
தேதி விஷயம் ஒண்ணு. 653 பாசஞ்சர் ரயில் டிசம்பர் 22 ராத்திரி பாம்பன்லேந்து வந்தது, தனுஷ்கோடி போய்ச் சேரல. ஏறினவங்க யாரும் பிழைக்கல. அதனால அதுல யார் ஆள் ஏறப்போறார்னு இப்பவே பேசி முடிவு பண்ணிடுங்க. கடைசி நேரத்துல ஏத்திவிட்டுட்டு அப்புறம் நீந்தி வந்தார்னு எழுதாதீங்க, கெஞ்சிக் கேக்குறேன்.

இன்னொண்ணு, வாத்தியாரை சிரிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துல கொண்டுவந்து சேர்க்காதீங்க. அது கையெழுத்தானதே அந்த அக்டோபர் 30. அதுவும் இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளர்ல யாருக்கு எந்த நாட்டுக் குடியுரிமைங்கிற விஷயம், யாழ்ப்பாணத்தாருக்கு அதுல வேலையே இல்ல. கல்யாணத்துக்கு வர்றார்ங்கிறதே போதும்.

உப்புக்காத்து:
அக்கா, நேத்து ராத்திரி பெட்டியைப் போட்டேன். ரெண்டு மணி நேரத்துல பதினோரு பதிவு! நர்ஸை எழுதுற பொண்ணு, சேலைக்கு அடில ஒரு மருந்துப் பாட்டில் இருக்கு, மரியம்மை மகனுக்காக நர்ஸ்தான் வாத்தியார்கிட்ட சொல்லி வாங்கிவரச் சொன்னாள்னு எழுதிட்டா. இப்ப ஊருக்கே சபாபதிதான் வில்லன். பாவி, ரூல்படிதானே நடந்தான்! இருந்தாலும் ஒரு வரி அழிக்க மனசு வரல.

தண்டவாளம் அண்ணா, 653 பத்திக் குழுவுல கேட்டேன். எல்லாரும் ஆன்லைன்லதான் இருக்காங்க, ஒருத்தரும் பதில் போடல.