முந்தும் லேனில் மெதுவாகப் போகிற வண்டி சைடு கொடுக்கவில்லை என்றால் என்ன செய்வது?

வழிப்போக்கன் (கேள்வி):

வணக்கம். நெடுஞ்சாலையில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சிக்கலுக்கு வழி கேட்டு எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு இரண்டு லேன், நடுவில் மீடியன் உள்ள சாலை. வண்டிகள் இடதுபக்கம் ஓடுவதால் முந்துவதற்கான லேன் வலது ஓரம். வலதுபக்கம் ஓட்டும் நாட்டில் இருப்பவர்கள் இடம் வலம் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

வேக வரம்பு 100. இடது லேனில் லாரிகள் 75-ல் போகின்றன. வலது லேனில் ஒரு கார் 80-ல் போகிறது. ஒரு லாரியைத் தாண்டி முடித்த பிறகும் அது இடதுக்கு வருவதில்லை. அரை கிலோமீட்டர் தள்ளி இன்னொரு லாரி தெரிகிறது, அதையும் தாண்டிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று வலதிலேயே இருந்துவிடுகிறது. பின்னால் வண்டிகள் சேர்ந்துகொண்டே போகின்றன.

வலது இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டே போய்ப் பார்த்தேன், பலர் கவனிப்பதே இல்லை. ஹெட்லைட் அடித்தால் சிலர் உடனே ஒதுங்குகிறார்கள், சிலர் கோபப்பட்டு இன்னும் மெதுவாக்குகிறார்கள். நெருங்கிப் போனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பயப்படுகிறார்கள், முன்னால் இருப்பவர் அசைவதும் இல்லை. இடதுபக்கம் புகுந்து முந்துவது சரியா, சட்டம் விடுமா? லைட் அடிப்பது மரியாதைக் குறைவா? வேறு ஏதாவது வழி இருக்கிறதா?

---

நிதானம்:

விட்டுவிடுங்கள் நண்பரே. 20 கி.மீ. தூரத்தை 80-ல் போனால் 15 நிமிடம், 100-ல் போனால் 12 நிமிடம். 3 நிமிடத்துக்காக ரத்தக் கொதிப்பு ஏன்?

---

வழிப்போக்கன்:

3 நிமிடம் எனக்கும் பெரிதில்லை. ஆனால் நான் பொறுத்தாலும் எனக்குப் பின்னால் இருப்பவர் பொறுப்பதில்லை. அவர் இடதில் வெட்டி, லாரிக்கும் எனக்கும் நடுவில் புகுந்து போகிறார். ஒவ்வொரு முறையும் எல்லாரும் பிரேக் போடுகிறோம். என் பயம் அதுதான்.

---

பெரிய வண்டி:

தம்பி, நான் பல வருடமாகக் கனரக வண்டி ஓட்டுகிறவன். மேலே உட்கார்ந்திருப்பதால் நீங்கள் சொல்லும் இந்த வரிசை எப்படி உருவாகிறது, எப்படிக் கலைகிறது என்பதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த 80-ல் போகிறவரின் கணக்கைப் பாருங்கள். லாரியின் வேகம் 75, அவர் 80. வித்தியாசம் 5 கி.மீ.தான், அதாவது விநாடிக்குச் சுமார் 1.4 மீட்டர். லாரியின் நீளம், காரின் நீளம், முன்னும் பின்னும் விட வேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்து 100 மீட்டர் என்று வையுங்கள். அந்த ஒரு லாரியைத் தாண்ட அவருக்கு 72 விநாடி ஆகும். அதற்குள் சாலையில் 1,600 மீட்டர் ஓடியிருப்பார். இதையே 100-ல் செய்தால் 14 விநாடி, 400 மீட்டர். அரை கிலோமீட்டர் தள்ளித் தெரிகிற அடுத்த லாரி இருக்கிறதே, அதை எட்டவே அவருக்கு 6 நிமிடம் வேண்டும், 8 கி.மீ. ஓட வேண்டும். கண்ணுக்கு லாரி பக்கத்தில் தெரிவதால் "இதோ வந்துவிட்டது" என்று நினைக்கிறார். வேண்டுமென்று மறிப்பவர்கள் குறைவு. பெரும்பாலும் இந்தக் கணக்கு தெரியாமல் இருப்பவர்கள்தான்.

இப்போது உங்கள் பக்கம். முன்னால் இருப்பவர் இடதுக்கு வர வேண்டுமென்றால் இரண்டு லாரிக்கு நடுவில் உள்ள இடத்தில் நுழைய வேண்டும். அங்கே 75-ல் ஓடுகிறார்கள். அவர் 80-லிருந்து ஆக்ஸிலரேட்டரை விட்டு, வேகம் குறைத்துத்தான் நுழைய முடியும். நீங்கள் அவர் டிக்கியை ஒட்டி வந்தால் அவரால் வேகம் குறைக்க முடியாது, இடித்துவிடுவீர்களோ என்று பயப்படுவார். பயந்தவர் என்ன செய்வார்? ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராகவே போவார். நெருங்கிப் போய் அவர் ஒதுங்குவதை நாமே தடுக்கிறோம். இதை எத்தனையோ இடத்தில் பார்த்துவிட்டேன்: பின்னால் இருப்பவர் கொஞ்சம் தள்ளிப் போனதும் முன்னால் இருப்பவர் இண்டிகேட்டர் போட்டு இடதுக்கு வந்துவிடுவார்.

அதனால் 100-ல் ஓடும் சாலையில் குறைந்தது 2 விநாடி இடைவெளி விடுங்கள். 100-ல் விநாடிக்கு 28 மீட்டர் ஓடுகிறோம், ஆக 55 மீட்டர். முன்னால் உள்ள கார் ஒரு கம்பத்தைத் தாண்டியதும் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று நிதானமாக எண்ணுங்கள், முடிப்பதற்குள் நீங்கள் கம்பத்தை எட்டினால் நெருக்கம் அதிகம். அந்த இடைவெளியில் இருந்துகொண்டு, இடது லேனில் நுழைய இடம் இருக்கும்போது மட்டும், ஒரே ஒரு முறை சின்னதாக லைட் அடியுங்கள். அவருக்குப் பக்கத்தில் லாரி ஓடிக்கொண்டிருக்கும்போது அடித்தால் அவர் எங்கே போவார்? அப்போது அடிக்கிற லைட் அவருக்குத் திட்டு மாதிரிதான் கேட்கும். லாரியைத் தாண்டி, அவருடைய உள் கண்ணாடியில் லாரியின் இரண்டு ஹெட்லைட்டும் முழுதாகத் தெரியும் தூரம் வந்த பிறகு அடியுங்கள்.

அவர் ஒதுங்க நினைக்கிறாரா என்பதும் பின்னாலிருந்தே தெரியும். தலை அடிக்கடி உள் கண்ணாடி பக்கம் தூக்கும், இடது சக்கரம் கோட்டை லேசாகத் தொட்டுத் திரும்பும். அப்படி இருந்தால் லைட்டே வேண்டாம், இன்னும் கொஞ்சம் தள்ளிப் போங்கள், போதும். மாறாக, கார் லேனுக்குள்ளேயே மெல்ல அலைந்து, வேகம் 80-லிருந்து 72-க்கு இறங்கி, திடீரென்று நேராகி 85-க்கு ஏறினால் அவர் கையில் போன் இருக்கிறது. அவருக்கு லைட் அடித்தால் திடுக்கிட்டு எந்தப் பக்கம் இழுப்பார் என்று சொல்ல முடியாது. அந்த வண்டியிடம் இருந்து விலகியே இருங்கள்.

---

வழிப்போக்கன்:

ரொம்ப நன்றி அண்ணா. லாரி பக்கத்தில் இருக்கும்போது லைட் அடிப்பதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. அப்படியும் ஒதுங்காவிட்டால் இடதில் முந்தலாமா?

---

சட்டப்புத்தகம்:

நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித் தொகுப்பில் 268-ஆம் விதி இடதில் முந்தாதே என்கிறது. நெரிசலில் எல்லா லேனும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் நகரும்போது உங்கள் லேன் கொஞ்சம் வேகமாக நகர்ந்தால் பரவாயில்லை, ஆனால் முந்துவதற்காகவே லேன் மாறக் கூடாது. ஜெர்மனியில் வலதுபக்கம் ஓட்டுகிறார்கள், எனவே அங்கே வலதில் முந்துவது தவறு. இடது லேன் வரிசை நின்றிருந்தாலோ 60-க்கு மேல் போகாமல் நகர்ந்தாலோ மட்டும் விதிவிலக்கு, அப்போதும் வித்தியாசம் 20 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஒரே திசையில் இரண்டு லேன் இருந்தால் வலதில் தாண்டிப் போகலாம்.

லைட் விஷயத்திலும் இப்படித்தான். ஊருக்கு வெளியே முந்தப்போகிறேன் என்று தெரிவிக்க ஜெர்மன் சட்டம் சின்னதாக லைட்டோ ஹாரனோ அடிக்க அனுமதிக்கிறது. ஆனால் ஒட்டிக்கொண்டே விடாமல் அடித்தால் அது மிரட்டல் குற்றமாகவே பார்க்கப்படலாம். பிரிட்டன் விதியோ, நான் இங்கே இருக்கிறேன் என்று காட்ட மட்டுமே லைட் என்கிறது.

---

பெரிய வண்டி:

சட்டம் விட்டாலும் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள் தம்பி: லைட் அடித்துவிட்டு உடனே இடதில் ஏறுவது. லைட் அடித்தால் என்ன அர்த்தம்? "இடதுக்கு வா" என்று நீங்களே கூப்பிட்டிருக்கிறீர்கள். அவர் இரண்டு மூன்று விநாடி கழித்துப் புரிந்துகொண்டு இடதுக்கு வருவார். அதே விநாடியில் நீங்களும் இடதில் இருப்பீர்கள். அவருக்கு இடதுபக்கம் தூரத்துப் பக்கம், பிளைண்ட் ஸ்பாட் பெரிது. நான் கண்ணால் பார்த்த உரசல்களில் மோசமானவை இப்படி நடந்தவைதான்.

---

வலது லேன்காரன்:

நான் பெரும்பாலும் வலது லேனிலேயே ஓட்டுகிறவன். என் பக்கத்தையும் கேளுங்கள். நான் 80-ல் போவதில்லை, சரியாக 100-ல் போகிறேன். வரம்பே 100 என்றால் எனக்குப் பின்னால் வருகிறவர் எதற்கு என்னை முந்த வேண்டும்? இடது லேனில் பக்கத்துச் சாலையிலிருந்து வண்டிகள் நுழைகின்றன, பழுதாகி நிற்கும் வண்டி திடீரென்று வரும். ஒருமுறை இடதுக்குப் போய்விட்டால் மறுபடி வலதுக்கு வர யாரும் இடம் விடுவதில்லை. இதையெல்லாம் விட்டுவிட்டு என்னைக் குற்றவாளி ஆக்குவது நியாயமா?

---

சட்டப்புத்தகம்:

குற்றவாளி என்று யாரும் சொல்லவில்லை சார். ஆனால் இரண்டு விஷயம்.

ஒன்று, மீட்டர். பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா.வின் 39-ஆம் ஒழுங்குமுறைப்படி ஸ்பீடாமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது, ஆனால் உண்மை வேகத்தில் 10 சதவீதமும் அதன்மேல் 4 கி.மீ.யும் வரை கூடுதலாகக் காட்டலாம். ஆக உங்கள் மீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 95-லோ, அதற்கும் கீழேயோ போய்க்கொண்டிருக்கலாம். பின்னால் வருபவரின் மீட்டரில் பிழை குறைவாக இருந்தால் அவர் வரம்பை மீறாமலே உங்களை எட்டுவார். ஜி.பி.எஸ். வேகத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள், உங்கள் காரின் வித்தியாசம் தெரிந்துவிடும்.

இரண்டு, லேன் விதி வேகத்தைப் பார்ப்பதில்லை. பிரிட்டனின் 264-ஆம் விதி, முந்தும்போது தவிர இடது லேனிலேயே ஓட்டு, முந்தி முடித்ததும் பத்திரமாக இடதுக்குத் திரும்பு என்கிறது. நடு லேனை விடாமல் பிடித்துக்கொண்டு போகிறவர்களுக்கும், ஒட்டிக்கொண்டு போகிறவர்களுக்கும் 2013 முதல் அங்கே போலீஸ் அந்த இடத்திலேயே அபராதமும் உரிமத்தில் புள்ளிகளும் போட முடியும். இரண்டு தப்பையும் ஒரே தட்டில் வைத்திருப்பது எனக்குச் சரியாகவே படுகிறது. பின்னால் வருபவர் வரம்பை மீறுகிறார் என்றால் அவரைப் பிடிப்பது போலீஸ் வேலை. அவரை நம் டிக்கியில் ஒட்டவைத்துக்கொண்டு போவதால் ஆபத்து நமக்கும்தான்.

---

பெரிய வண்டி:

வலது லேன் சாரின் பயத்தில் உண்மை இருக்கிறது, அதைத் தள்ளிவிட முடியாது. இடதில் லாரி அடுத்தடுத்து நெருக்கமாக ஓடினால் வலதிலேயே இருந்து எல்லாரையும் தாண்டிவிட்டு வரலாம், ஒவ்வொரு சந்திலும் நுழைந்து வெளியே வருவதுதான் ஆபத்து. நான் பார்க்கும் கணக்கு இதுதான்: இடதுக்குப் போனால் அடுத்த வண்டியை எட்ட 20 விநாடிக்கு மேல் ஆகுமா? ஆகும் என்றால் போய்விடுவேன். ஆகாது என்றால் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தி, வரம்புக்குள் சீக்கிரம் தாண்டி முடிப்பேன். மறுபடி வலதுக்கு வர இடம் கிடைக்காது என்பதற்கு, லாரியை ஒட்டிப் போய் இண்டிகேட்டர் போடாமல் முன்கூட்டியே, லாரி இன்னும் தூரத்தில் இருக்கும்போதே போடுங்கள். நம் வேகம் குறையாமல் இருந்தால் பின்னால் இருப்பவர் இடம் விடுவார்.

---

அலைநீளம்:

இடையில் ஒன்று. பின்னால் எல்லாரும் பிரேக் போடுகிறார்கள் என்று கேள்வி கேட்டவர் எழுதியதைப் பார்த்ததும் ஜப்பானில் செய்த ஒரு சோதனை ஞாபகம் வந்தது. 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களைச் சம இடைவெளியில் ஓடவிட்டார்கள், 2008-இல் முடிவு வெளியானது. பாதையில் எந்தத் தடையும் இல்லை. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் சில கார்கள் நின்றுவிட்டன, அந்த நெரிசல் பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது. ஒருவர் லேசாக வேகம் குறைக்க, பின்னால் இருப்பவர் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் குறைக்க, அப்படியே பெருகுகிறது. எனவே நீங்கள் விடும் 2 விநாடி இடைவெளி உங்களுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கும் உதவும்: முன்னால் பிரேக் விளக்கு எரிந்தால் நீங்கள் ஆக்ஸிலரேட்டரை விட்டாலே போதும், அலை உங்களோடு தணியும்.

---

வழிப்போக்கன்:

எல்லாருக்கும் நன்றி. இடைவெளி விட்டு, லாரி தாண்டிய பிறகு ஒரே ஒரு தடவை லைட் அடித்துப் பார்த்தேன். முன்பைவிட நிறைய பேர் ஒதுங்குகிறார்கள், ஒருவர் ஒதுங்கிக் கையும் காட்டினார். இடைவெளி விட்டால் வேறு யாராவது அதில் புகுந்துவிடுவார்களே என்று பயந்தேன், புகுந்தார்கள்தான், மறுபடி கொஞ்சம் பின்வாங்கிக்கொண்டேன். இன்னொரு சந்தேகம்: மழையிலும் இரவிலும் இதே முறைதானா?

---

பெரிய வண்டி:

மழையில் 2 விநாடியை 4 ஆக்கிக்கொள்ளுங்கள் தம்பி. முன் வண்டியின் சக்கரம் அடிக்கிற தண்ணீரில் அவர் கண்ணாடியில் நீங்கள் தெரியவே மாட்டீர்கள், அதனால் டிம் லைட் எப்போதும் எரியட்டும், லைட் அடித்து வழி கேட்காதீர்கள். இரவில் ஹை பீமைப் போட்டபடியே பின்னால் போகக் கூடாது, அவர் கண்ணாடி முழுக்க வெளிச்சமாகி இடது லேனில் என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியாது. டிம்மில் இருந்து ஒரு தடவை சட்டென்று ஏற்றி இறக்கினால் போதும். அதற்கும் ஒதுங்கவில்லை என்றால் அவர் பின்னாலேயே, அதே இடைவெளியில் வாருங்கள்.