கருப்பட்டிக் காப்பி நிறத்தில் ஒரு சுவர்: உங்கள் வீட்டு நிறம் எங்கிருந்து வந்தது?

நாகர்கோவில் வடிவமைப்பாளர்:

வீட்டு உள் அலங்கார வேலைதான் எனக்குப் பிழைப்பு. வருஷா வருஷம் டிசம்பர் வந்தால் ஒரு வேடிக்கை நடக்கும். அமெரிக்காவில் பான்டோன் என்ற நிறுவனம், அடுத்த ஆண்டின் நிறம் இதுதான் என்று ஒன்றை அறிவிக்கும். 2000-ஆம் ஆண்டுக்கு ஒரு வான நீலத்தைச் சொல்லித் தொடங்கிய வழக்கம். 2024-க்கு பீச் பழத்தோல் நிறம், 2025-க்கு மோக்கா மூஸ் என்று ஒரு பழுப்பு. பொங்கலுக்குள் அது யாராவது ஒருவர் போனில் ஏறி மார்த்தாண்டம் வந்து சேர்ந்துவிடும்.

2025 தொடக்கத்தில் அப்படித்தான் புது வீடு கட்டிய ஒரு தம்பதி வந்தார்கள். வரவேற்பறையின் நாலு சுவரும் மோக்கா மூஸ் வேண்டும். போனில் காட்டிய படத்தில் ஆளுயரக் கண்ணாடி ஜன்னல், தரையெல்லாம் வெயில். இவர்கள் வீடோ ரப்பர் மரங்களுக்கு நடுவில், முன்பக்கம் நீளமான சாய்ப்பு இறக்கிக் கட்டியது. மத்தியானம் இரண்டு மணிக்கே உள்ளே அந்தி. சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அந்த வீட்டு மாமியார் போனை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "மக்களே, இது நம்ம கருப்பட்டிக் காப்பிக்க நெறமில்லியா? இத சொல்லதுக்கு அமெரிக்காக்காரன் வேணுமாக்கும்?"

அடித்து முடித்தோம். ஜூன் மழை தொடங்கியது. மின்வேலை பார்த்தவர் எல்லா இடத்திலும் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளை எல்இடி மாட்டியிருந்தார். நீலம் தூக்கலான அந்த வெளிச்சத்தில் பழுப்பில் இருக்கிற சிவப்பும் மஞ்சளும் செத்துப்போகும். காப்பி போய், சேறு அப்பிய சுவர் போல ஆகிவிட்டது. கடைசியில் மூன்று சுவரை முற்றின தேங்காய்ப்பால் நிறத்துக்கு மாற்றி, சோபாவுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சுவரை மட்டும் பழுப்பாகவே விட்டு, 3000 கெல்வின் மஞ்சள் விளக்குகள் போட்டோம். இரண்டாவது தடவை அடித்த கூலியில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். சுவரில் மாதிரி அடித்துக் காட்டாமல் வேலையைத் தொடங்கியது என் தவறு.

உங்கள் வீட்டு நிறம் எங்கிருந்து வந்தது? நன்றாக அமைந்ததையும் சொல்லுங்கள், சொதப்பியதையும் சொல்லுங்கள்.

குலசேகரம் பெயிண்டர்:

மேடம், கூலியில் பாதி கொடுத்தீர்களே, அதற்கே ஒரு கும்பிடு. எங்களுக்கு அப்படிக் கொடுத்த ஆளை நான் பார்த்ததில்லை.

எனக்கு இந்த வேலையில் முப்பது வருஷம் ஆகப்போகிறது. நான் கைப்பிடிக்கும்போது சுண்ணாம்புதான். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, வடிகட்டி, வெளுப்பாகத் தெரிய ஒரு பொட்டு நீலம் போடுவோம். அடியில் ஒன்றரை அடிக்குக் காவிப் பட்டை. நிறம் தேர்ந்தெடுக்கிற பேச்சே கிடையாது. கல்ஃப் பணம் வந்தபிறகுதான் கதை மாறியது. அங்கே மணலையே பார்த்து வெறுத்துப்போய் வந்தவர்களோ என்னவோ, இங்கே வந்ததும் கிளிப்பச்சை, ரோஸ், எலுமிச்சை மஞ்சள் என்று கேட்டார்கள். அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது. பத்து வருஷம் ஒரே அறையில் எட்டுப் பேரோடு படுத்து எழும்பியவன் சொந்த வீட்டுக்கு என்ன நிறம் வேண்டுமானாலும் அடிக்கட்டும்.

ஆனால் ஒன்று. அப்படி ஒரு வீட்டுக்கு வெளிப்பக்கம் கண்ணைப் பறிக்கிற மஞ்சள் அடித்தேன். கீழே பழைய வழக்கப்படி காவிப் பட்டை. மூன்றாவது வருஷம் அந்த வழியாகப் போனேன். தென்மேற்குச் சுவரில் மஞ்சள் வெளுத்து மோர் மாதிரி ஆகியிருந்தது. காவி அப்படியே இருந்தது. கம்பெனிக்காரர்கள் நடத்திய ஒரு பயிற்சியில் பிறகு காரணம் சொன்னார்கள். பளீரென்ற மஞ்சள், சிவப்புகளில் பல கரிமச் சாயத்தில் செய்கிறவை. வெயிலும், புதுப் பூச்சின் காரமும் சேர்ந்து அவற்றைத் தின்றுவிடும். காவி இரும்பு ஆக்சைடு. ஏற்கெனவே துருப்பிடித்த இரும்பை இனி வெயில் என்ன செய்யும்? முட்டத்துச் செம்மண் மேட்டைப் பாருங்கள். எத்தனை மழை பார்த்திருக்கும், வெளுத்ததா?

ஷேடு கார்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கார்டில் இருப்பது நகத்தளவு. அதே நிறம் சுவர் முழுக்க ஏறினால் இரண்டு மடங்கு அடர்த்தியாகத் தெரியும். பிடித்த நிறத்துக்கு ஒரு படி மேலே, வெளிறினதை எடுங்கள். சின்ன டப்பா வாங்கி இரண்டுக்கு இரண்டு அடி அடித்துவிட்டு, காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, லைட்டு போட்டு ஒரு தடவை பாருங்கள். இதைச் சொன்னால் "ஒரு நாள் கூலி ஏத்தப் பாக்குதியாவே?" என்று கேட்பார்கள்.

முட்டம்:

எங்கள் வீட்டுக் கதவும் ஜன்னலும் நல்ல நீலம். சென்னையிலிருந்து அண்ணனின் கூட்டுக்காரர் குடும்பத்தோடு வந்தார். கூட வந்த பெண் வாசலில் நின்று பதினைந்து படமாவது எடுத்திருப்பாள். கிரேக்கத் தீவு மாதிரி இருக்காம், யாரிடம் யோசனை கேட்டீர்கள் என்றாள்.

யாரிடம் கேட்பது? வள்ளத்துக்கு வாங்கிய எனாமல் அது. 2017-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது அண்ணன் கரையில் இருந்தான், தப்பித்தான். கூட்டாளிகளில் இரண்டு பேர் வரவில்லை. அதற்கப்புறம் அவன் கடலுக்குப் போகவில்லை. வள்ளத்தை விற்றோம். கிறிஸ்துமஸுக்குப் புதுசாக அடிக்க வாங்கி வைத்த டின்கள் மட்டும் அடுக்களை ஓரத்தில் ஒன்றரை வருஷம் கிடந்தன. ஒரு நாள் அம்மா, "கெடந்து உறையதுக்கு கதவுக்காவது அடிலே" என்றாள். அவனே அடித்தான். நாங்கள் யாரும் கூடப் போய் நிற்கவில்லை.

அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. நல்லா இருக்கு இல்ல என்று மட்டும் சொன்னேன். நல்லாத்தான் இருக்கிறது.

உப்புக்காற்றில் அது எப்படி நிற்கிறது என்று பெயிண்டர் அண்ணன் கேட்கலாம். கதவில் நிற்கிறது. கீல், கொண்டிதான் வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியிருக்கிறது.

தக்கலை மாணவன்:

முட்டத்து அக்கா எழுதியதைப் படித்துவிட்டு என்னுடையதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

கட்டடக்கலை படிக்கிறேன். பத்மநாபபுரம் அரண்மனை எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோதெல்லாம் ஓடிப் பிடித்து விளையாடிவிட்டு வந்ததுதான். கல்லூரியில் சேர்ந்தபிறகு ஒரு நாள் தனியாகப் போய், கறுப்புத் தரையில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்ட தரை என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். எனக்கு ஆச்சரியம் அதில் இல்லை. கறுப்புத் தரை போட்டால் அறை இருண்டுவிடும் என்றுதானே நாம் பயப்படுகிறோம்? அங்கே ஓட்டுக்கூரை தாழ்வாக இறங்குகிறது, வெளிச்சம் மர அழிகள் வழியாகக் கீழாக வருகிறது. கண்ணாடி மாதிரி இழைத்த தரை அதை வாங்கி மச்சுப் பலகைக்கு அனுப்புகிறது. மேலேயிருந்து விளக்கு போட்டுப் பழகிய நமக்கு, தரையிலிருந்து வெளிச்சம் எழும்புவது புதுசாக இருக்கிறது. ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் ஜன்னல்களில் நிற மைக்காத் தகடுகள். வெளியே எத்தனை வெயில் அடித்தாலும் உள்ளே வந்து சேர்வது கண்ணை உறுத்தாத ஒரு மங்கல்.

வீட்டுக்கு வந்து, சாய்ப்பு அறைக்குக் கறுப்புத் தரை வேண்டும் என்று அப்பாவிடம் அடம்பிடித்தேன். முட்டை வாங்கவில்லை, பிளாக் ஆக்சைடுதான். முதல் தடவை போட்டது படு தோல்வி. பாதி அறைக்கு ஒரு கலவை, மீதிக்கு மறுநாள் வேறு கலவை. இரண்டும் இரண்டு கறுப்பு. காற்று அடிக்கிற நாளாகப் பார்த்துப் போட்டதில் எட்டாம் நாள் தலைமுடி போலக் கோடுகள் ஓடின. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, பாயை விரித்து மூடிவிட்டாள்.

வெட்டியெடுத்துவிட்டு மறுபடி போட்டோம். இந்தத் தடவை திருவட்டாறு பக்கத்திலிருந்து வயசான கொத்தனார் ஒருவர் வந்தார். அறைக்குத் தேவையான சிமெண்டையும் ஆக்சைடையும் உலர்வாகவே ஒன்றாகக் கலந்து, சலித்து, சாக்கில் கட்டி வைத்தார். தரையை நாலு பாகமாக்கி நடுவில் கண்ணாடிக் கீற்று பதித்தார், சுருங்கினாலும் வெடிப்பு அந்தக் கோட்டோடு நின்றுவிடும் என்று. காலையில் உட்கார்ந்தவர் கரணையை வைத்துத் தேய்த்துத் தேய்த்துச் சாயங்காலம்தான் எழும்பினார். ஏழு நாள் தண்ணீர் கட்டி நிறுத்தினோம். அப்புறம் தேங்காயெண்ணெய். இப்போது அம்மா விருந்தாளி யார் வந்தாலும் முதலில் அந்த அறையைத்தான் காட்டுகிறாள். பாய்க் கதையை மட்டும் சொல்வதில்லை.

இன்னொன்று. அரண்மனையின் மேல்மாடியில் சுவரோவியங்கள் இருக்கின்றன. அந்த மரபில் மொத்தமே ஐந்து நிறம்: சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு, வெள்ளை. வெள்ளை சுண்ணாம்பு, கறுப்பு விளக்குக்கரி, சிவப்பும் மஞ்சளும் மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும். பெயிண்டர் அண்ணன் சொன்ன அதே இரும்புதான்.

கோட்டாறு வாடகை வீடு:

எல்லாரும் சொந்த வீட்டுக்காரர்களாக இருக்கிறீர்கள். எங்கள் வீட்டு உடைமைக்காரர் மிச்சமிருந்த மூன்று டப்பாவைக் கலக்கி அடித்த ஒரு ஊதாவில் ஐந்து வருஷமாகக் குடியிருக்கிறேன். ஆணி அடிக்கக்கூட அனுமதி இல்லை. தோவாளைப் பூச்சந்தைக்குப் போய் வரும்போதெல்லாம் கேந்திப் பூ (செண்டுமல்லி) வாங்கி வந்து பித்தளை உருளியில் மிதக்கவிடுவேன். ஊதாவுக்கு எதிரே அந்த மஞ்சள் இருக்கும் இரண்டு நாள், சுவர் வேண்டுமென்றே அடித்த மாதிரி தெரியும். பூ வாடினதும் பழைய ஊதா.

மணவாளக்குறிச்சி:

2026-க்கு அந்த அமெரிக்க நிறுவனம் வெள்ளையை அறிவித்திருப்பதாகப் பேத்தி சொன்னாள். கிளவுட் டான்சர் என்று பெயராம். ஐம்பது வருஷமாக என் வீட்டில் அடிப்பதும் அதுதான், பெயர் வைக்கத் தோன்றவில்லை.

பேத்திக்கு அவள் அறை முழுவதும் வெள்ளை வேண்டும். சுவர், கட்டில், திரை எல்லாம். சரி, வா என்று கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். எங்கள் கரையில் அலை ஒதுக்கிப் போடும் மணல் கறுப்பு. கையில் அள்ளிக் கொடுத்து, உன் வெள்ளை இதுதான் என்றேன். விளையாடாதீங்க தாத்தா என்றாள். அந்தக் கறுப்பு மணலில் இருப்பது இல்மனைட் என்ற கனிமம். அதிலிருந்து டைட்டானியம் டை ஆக்சைடு எடுக்கிறார்கள். இன்றைக்குக் கடையில் விற்கிற வெள்ளைப் பெயிண்டுக்கு வெளுப்பும், அடியிலுள்ளதை மறைக்கிற சக்தியும் தருவது அந்தப் பொடிதான். அதற்கு முன் காரீயத்தில் செய்த வெள்ளை இருந்தது, அது விஷம். அதே மணலில் மோனசைட் என்ற இன்னொரு கனிமம் இருப்பதை 1909-இல் ஒரு ஜெர்மன்காரர் கண்டுபிடித்தார், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து. சிவப்பாக மின்னுவது கார்னெட். கன்னியாகுமரியில் சுற்றுலா வந்தவர்களுக்கு நிற மணல் என்று பொட்டலம் கட்டி விற்பார்களே, அதில் இதெல்லாம் உண்டு.

மணல் எடுப்பதால் கரைக்கும் எங்களுக்கும் என்ன ஆகிறது என்பது வேறு பேச்சு. அதை இங்கே தொடங்கினால் நிறத்துக்குத் திரும்பி வரமாட்டோம்.

பேத்தி ஒரு குப்பியில் கறுப்பு மணலை அடைத்துக் கொண்டுபோய் மேசையில் வைத்திருக்கிறாள். அறைக்கு வெள்ளைதான் அடிக்கப் போகிறோம். வெளிச்சுவரும் வெள்ளையாகவே இருக்கட்டும் என்கிறாள். பெயிண்டர் தம்பி, வெளியே தாங்குமா?

குலசேகரம் பெயிண்டர்:

தாங்கும் சார். வடக்குச் சுவரில் மட்டும் வெயில் குறைவாகப் படும், பாசி பிடிக்கும். நல்லா உரசிக் கழுவி, காய்ந்தபிறகு பாசிக்கொல்லி அடித்து, அப்புறம் பிரைமர் போடச் சொல்லுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள். முற்றத்தில் மழை விழுந்தால் செம்மண் தெறிக்கும், அதனால் அடியில் ஒன்றரை அடிக்கு மட்டும் காவி அடிக்கப் பேத்தியைச் சம்மதிக்க வையுங்கள்.

மணவாளக்குறிச்சி:

கேட்டுவிட்டேன். ஒரு அடி என்றால் சரியாம்.